இந்த மாச முட்டுக்கட்டை

பிரின்சிக்கு ஒரு நாடகம் பிடிக்கவில்லை என்றால், அதைக் கிழித்துத் தொங்கவிடாமல் சோறு இறங்காது. நாடகம் என்றால் நம் டிவியில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்கிற நாடகம் இல்லை. தாய்லாந்து, கொரியா, ஜப்பான், தைவான் என்று கடல் தாண்டி வருகிறவை. அதிலும் ஒரு பையனும் இன்னொரு பையனும் காதலிக்கிற கதைகள் மட்டும்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. கை பாட்டுக்கு டேப் சுற்றும், மனசு பாங்காக்கில் இருக்கும். வாரம் பூராவும் சேர்த்துவைத்த கோபத்தையும் சந்தோஷத்தையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் பேசி, 'ஷிப்டு முடிஞ்சு' என்கிற தன் சேனலில் ஏற்றிவிடுவாள். முகம் காட்டமாட்டாள், பெயர் சொல்லமாட்டாள். குரல் மட்டும்தான்.

பேசுவதற்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. கவரைப்பேட்டையை ஒட்டி இருந்த அவர்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா மெர்சிக்கு ஜெபக்கூட்டம்தான் எல்லாம். ஞாயிறு மதியம் ஹாலில் பத்துப் பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போது, தாய்லாந்துப் பையன்கள் கொடுத்த முத்தத்தில் என்ன குறை என்று பேச முடியுமா? நல்லவேளை, அண்ணன் எபினேசர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். லீவு நாளில் பஸ் வீட்டுக்கு எதிரே காலி மனையில்தான் நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் சத்தம் உள்ளே வராது. வேர்த்துக் கொட்டும், அது வேறு விஷயம்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேசுவாள். எபினேசர் கடைசி சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவான். வெளியே தணிகைவேல் பக்கெட்டும் துணியுமாக பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருப்பான். தணிகைவேல் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஆள். வயலும் நெல்லும் உள்ள குடும்பம். சிப்காட்டில் வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்ட வந்தவன் எபினேசருக்குச் சிநேகிதன் ஆனான். தன் பஸ்ஸைக் கழுவாமல் விட்ட ஞாயிறு அவனுக்கு உண்டு, எபினேசரின் பஸ்ஸைக் கழுவாமல் விட்ட ஞாயிறு கிடையாது. கழுவி முடித்ததும், அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை மூன்று பேரும் பஸ்ஸிலேயே வைத்துச் சாப்பிடுவார்கள்.

"தாய்லாந்துக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன்பா," என்று ஆரம்பிப்பாள் பிரின்சி. "உங்க ஹீரோ எல்லாரும் இன்ஜினியரிங் காலேஜ்லதான் படிக்கிறான். ஒருத்தனாவது ஸ்பேனரைக் கைல புடிச்சு நான் பாத்ததில்ல. எங்க லைனுக்கு வாங்க, கத்துக் குடுக்கிறேன். கொரியாக்காரன் பாவம், எட்டு எபிசோடு முழுக்க மொறச்சி மொறச்சிப் பாத்துக்கினு, கடைசில முத்தம் குடுக்கிறான் பாரு, ரெண்டு செவுரு ஒட்டிக்கினு நிக்கிற மாதிரி! அப்புறம் இந்த டயலாக்கு. 'எனக்கு ஆம்பளைங்களப் புடிக்காது, உன்னை மட்டும்தான் புடிக்கும்.' டேய், அப்ப மத்தவன்லாம் இன்னா பாவம் பண்ணான்?"

ஜப்பான் நாடகம் என்றால் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அவளுக்கு உயிரே அதுதான். "ஜப்பான்காரன்கிட்ட கத்துக்குங்க. முத்தம்லாம் ஒரு மேட்டரே இல்ல. ஒருத்தன் தட்டுல ஒதுக்கி வெச்சதை இன்னொருத்தன் கேக்காம எடுத்துத் துன்னான்னு வெச்சுக்க, முடிஞ்சிது. அதுக்கப்புறம் ஐ லவ் யூ சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா?"

இதை அவள் பேசி முடித்த அன்றும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எபினேசர் வழக்கம்போல அவித்த முட்டையைப் பிட்டு, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். சின்ன வயசிலிருந்தே அது அவனுக்கு ஆகாது. பிரின்சி கொரியா முத்தத்தைக் கையால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கரு கொஞ்ச நேரத்தில் தட்டில் இல்லை. அது எங்கே போனது என்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

சேனலில் எல்லாரும் காத்திருந்து கேட்கிற பகுதி ஒன்று உண்டு. 'இந்த மாச முட்டுக்கட்டை.' பெரும்பாலான நாடகங்களில், இரண்டு பையன்களும் சேரப்போகிற நேரம் பார்த்து ஒரு பெண் வந்து நிற்பாள். வீட்டில் பார்த்து நிச்சயம் பண்ணின பெண். கண்ணை உருட்டுவாள், அழுவாள், மோதிரத்தைக் காட்டுவாள். அப்படிப்பட்டவர்களில் மோசமான ஒருத்திக்கு மாதா மாதம் பிரின்சி ஒரு விருது கொடுப்பாள். யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்கிறவள் மோனிகா. லைனில் அவளுக்குப் பக்கத்தில் நின்று டேப் சுற்றுகிறவள். கம்பெனியில் அந்தச் சேனல் பிரின்சியுடையது என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். "இந்தத் தபா அந்தச் சப்ப மூக்கிக்குக் குடுடி, சரியான பேஜாரு," என்று சூப்பர்வைசருக்குக் கேட்காமல் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து திட்டாத மணப்பெண் ஆசியாவில் இல்லை.

இந்த மாதிரி நாடகங்கள் பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரோ இரண்டு பேரைப் பார்த்தால் போதும், ஜோடி சேர்த்துவிடுவார்கள். பிரின்சி அந்த வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அண்ணன் தங்கம். மோனிகா அதைவிடத் தங்கம். இரண்டு பேரும் அதே சிப்காட், அதே சபைப் பழக்கம். இவர்களைச் சேர்த்துவைத்தால் உயிர்த் தோழி வீட்டுக்கே அண்ணியாக வந்துவிடுவாளே! அம்மாவிடம் சொன்னாள். அம்மா அன்றைக்கே முழங்கால் போட்டு ஜெபித்தாள். எபினேசரிடம் கேட்டபோது அவன் பஸ் சாவியைத் துடைத்துக்கொண்டே "உங்க இஷ்டம்" என்றான். அதை வெட்கம் என்று பிரின்சி எடுத்துக்கொண்டாள். திரையில் ஒருவன் கண் இமைத்தால் அர்த்தம் சொல்கிறவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

நிச்சயம் முடிந்த வாரத்திலிருந்து தணிகைவேல் வரவில்லை. ஊரில் அறுப்பு, நைனாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருதரம் போனில் சொன்னான். பஸ்ஸை எபினேசரே கழுவிக்கொண்டான். கழுவின மாதிரியும் இல்லை.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். மாப்பிள்ளை பேர், பெண் பேர், பெற்றோர் பேர் எல்லாம் ஆராதனையில் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். யாரும் ஒன்றும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் இருமுவார்கள், அவ்வளவுதான். மூன்றாவது ஓலையும் படித்தாகிவிட்டால் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். பிறகு பின்வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவுதான்.

முதல் ஓலை படித்த அன்று அம்மா சபை முழுக்க மிட்டாய் கொடுத்தாள். இரண்டாவது ஓலை படித்த அன்று வீட்டில் பிரியாணி போட்டாள். ஹாலில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எபினேசர் முட்டையைப் பிட்டான். மஞ்சள் கருவை உதிராமல் எடுத்துத் தட்டின் வலது ஓரத்தில், யாருக்கோ வாகாக வைத்தான். வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தான். வலது பக்கம் யாரும் இல்லை. பாய்தான் இருந்தது. அவன் அந்த இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

பிரின்சி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எத்தனை ஞாயிறு அந்த மஞ்சள் கரு காணாமல் போயிருக்கிறது! பஸ் சீட்டில் எபினேசரின் வலது பக்கத்தில் எப்போதும் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இதையே தன் வாயால் ஊருக்கெல்லாம் இலக்கணம் சொல்லிவிட்டு, கண்ணெதிரே நடந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறாளே! தணிகைவேல் சொன்ன அறுப்புச் சாக்கு, அண்ணனின் "உங்க இஷ்டம்," எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன. அதற்கப்புறம்தான் மோனிகா ஞாபகம் வந்தது. அது வந்ததும் பயமாகவே போய்விட்டது.

அன்று மதியமும் பஸ்ஸில் ஏறினாள். எபினேசர் கடைசி சீட்டில், முகத்தில் துண்டு. அவள் போனை எடுத்து ரெக்கார்டிங்கை அழுத்தினாள். "வணக்கம் மக்களே, ஷிப்டு முடிஞ்சுது. இந்த மாச முட்டுக்கட்டை..." என்றாள். ஒரு தைவான் நாடகம், வெள்ளை கவுனோடு காருக்கு முன்னால் நின்று அழுகிற பெண். அந்தப் பெண்ணின் முகம் நினைவில் வரவில்லை. மோனிகா முகம்தான் வந்தது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டாள்.

"இன்னா, நிறுத்திட்ட?" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ தூங்கலியாண்ணா?"

"நீ பேசறப்ப எவன் தூங்குவான்?"

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து," என்றான் எபினேசர். எழுந்து உட்கார்ந்தான், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அப்படியென்றால் செவுரு முத்தம், ஸ்பேனர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான்.

"தணிகைவேலண்ணன் எப்பண்ணா வரும்?"

"வரமாட்டான். கல்யாணம் ஆவப்போற ஊட்ல எனக்கு இன்னா வேலைன்னுட்டான்."

பிரின்சி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "முட்டையைப் பாத்தேண்ணா," என்றாள்.

எந்த முட்டை என்று அவன் கேட்கவில்லை. வெளியே ஒரு லோக்கல் ரயில் போகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி மெலிசாக வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா. எத்தினி நாடகம் பாத்தவ நானு. நான் இன்னா சொல்லிடப்போறேன்?"

"நாடகத்துல வர்றவனுக்குலாம் நீ மார்க்கு போடறியே. எனக்கு இன்னா போடுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அம்மா அழுவுது, நீ மோனிகா மோனிகான்னு குதிச்சிக்கினு இருந்த. வாய்ல சரின்னு வந்துடுச்சு. போவப் போவ சரியாயிடும்னு நெனச்சேன்."

"எது சரியாவும்? மோனிகா பாட்டுக்கு உன் பக்கத்துல உக்காந்துக்கினு, இந்த ஆளு ஏன் என்னைப் பாக்கவே மாட்றாருன்னு காலம் பூரா யோசிக்குமா?" பிரின்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அது என் ப்ரெண்டுண்ணா. அது முட்டுக்கட்டை இல்ல."

எபினேசர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தான். "இன்னும் ஒரு ஓலைதான் கீது," என்றான்.

"அதுக்குள்ள சொல்லு. கல்யாண மண்டபத்துல எழுந்து ஓடறவனுக்கு நான் எப்பவுமே சைபர்தான் போட்டிருக்கேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ரெண்டு தபா கேட்டிருக்கேன்," என்றான் எபினேசர்.

சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்து மோனிகாவைக் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் உட்காரவைத்தாள் பிரின்சி. எபினேசர் வந்து எதிரே உட்கார்ந்தான். மோனிகா பொட்டலத்தில் இருந்த பஜ்ஜியை அவன் பக்கம் தள்ளினாள். அதைப் பார்த்ததும் பிரின்சிக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

எபினேசர் சுற்றி வளைக்கவில்லை. "உன்னைக் கல்யாணம் பண்ணிக்க என்னால முடியாது மோனிகா. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்கு மனசுல வேற ஆள் இருக்கு. பொண்ணு இல்ல," என்றான். பெயரைச் சொல்லவில்லை.

மோனிகா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு ஓலை படிச்சாச்சு. லைன்ல எல்லாருக்கும் நான் லட்டு குடுத்தாச்சு. இதுக்கு என்னை ஏன் இழுத்தீங்க?"

"பயந்துட்டேன்."

"உங்க பயத்துக்கு நான்தான் கெடச்சனா?" என்றவள் பிரின்சியைப் பார்த்தாள். "இதையே டிவில பாத்தா நான் அழுதிருப்பேன்டி. ரெண்டு பேரும் சேரணும்னு ஜெபம்கூடப் பண்ணியிருப்பேன். குறுக்க நிக்கறவளைத் திட்டியிருப்பேன். இப்ப அந்த எடத்துல நான் உக்காந்துக்கினு இருக்கேன். நீ ஒண்ணும் சொல்லமாட்டியா?"

எந்த நாட்டு நாடகத்துக்கும் கருத்துச் சொல்கிற பிரின்சி இப்போது கையை மட்டும் நீட்டினாள். மோனிகா கையைத் தரவில்லை.

"எங்க ஊட்ல நான் போய்ச் சொன்னா, நீ இன்னாடி பண்ணேன்னு என்னைத்தான் கேப்பாங்க," என்றாள் மோனிகா எபினேசரிடம். "நீங்களே வந்து சொல்லணும். உங்க மேலதான் தப்புன்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லணும். அந்த ஆள் யாருன்னு நான் யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன். அது உங்க விஷயம். ஆனா என் பேரு கெடக்கூடாது."

"வரேன்," என்றான் எபினேசர். சொன்னபடியே அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது இடது கன்னம் சிவந்திருந்தது. மோனிகாவின் மாமா கை கொஞ்சம் கனம்.

அப்படியே போதகர் வீட்டுக்கும் போனான். பிரின்சியும் கூடப் போனாள். போதகர் மறுநாள் பிரசங்கத்துக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்க ஓலையைப் படிக்க வேணாங்கய்யா," என்றான் எபினேசர்.

அவர் கண்ணாடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏம்பா? யாராவது தடை சொன்னாங்களா?"

"தடை நான்தாங்கய்யா," என்றான். போதகர் அவன் சிவந்த கன்னத்தைப் பார்த்தார். மேலே கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் ஜெபித்து அனுப்பினார். வெளியே வந்ததும் பிரின்சி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு வசனத்துக்காக அவள் ஒரு நாடகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பாள். ஆனால் அன்றைக்கு மார்க் போடத் தோன்றவில்லை. பாவம், இத்தனை வருஷம் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறானே என்றுதான் இருந்தது.

அம்மாவிடமும் அவனே சொன்னான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான். எவ்வளவு சொன்னான் என்று பிரின்சிக்குத் தெரியாது. கதவு திறந்தபோது அம்மா அழுதுகொண்டிருக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. மறுநாள் ஆராதனைக்கு வந்து, எப்போதும் உட்காருகிற முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். போதகர் வேறொரு ஜோடியின் ஓலையைப் படித்தார். அடுத்த பேருக்காகக் காத்திருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சோறு உண்டு, துணி துவைத்து மடித்து வைத்திருக்கும், மகனிடம் ஒரு வார்த்தை இருக்காது. பெற்றவர்கள் கடைசி எபிசோடில் மனசு மாறி இரண்டு பையன்களையும் கட்டிப்பிடித்துக்கொள்வதை பிரின்சி எப்போதும் வறுத்தெடுப்பாள். ஒரு மணி நேரத்தில் மாறுவதற்கு அது மனசா, சேனலா என்று கேட்பாள். தன் கருத்து இப்படிச் சரியாகிப் போனதில் அவளுக்குச் சந்தோஷமே இல்லை.

மோனிகா வேறு லைனுக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டாள். கேன்டீனில் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போவாள். சேனலில் முட்டுக்கட்டை விருது வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏன் என்று எழுதினார்கள். பிரின்சி பதில் போடவில்லை. ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் மோனிகா பக்கத்துக் குழாயைத் திறந்தாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அவார்டை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தின? இந்த மாசம் உங்க அண்ணனுக்குக் குடுத்திருக்கலாமே," என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனாள். பிரின்சி அங்கேயே நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். மோனிகா மறுபடி பேசுவாள், எப்போது என்றுதான் தெரியாது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது காலி மனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தணிகைவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்து இளைத்திருந்தான். நைனாவுக்கு உடம்பு தேவலை என்று பிரின்சியிடம் சொன்னான். எபினேசர் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு மறுபக்கம் போனான்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். பிரின்சி சாப்பாட்டுப் பையை வாங்க சமையலறைக்குப் போனபோது, அம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஹாலில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அம்மா டப்பாவை மூடினாள், பையில் வைத்தாள், பையைக் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை உடனே விடவில்லை.

"மஞ்சக்கருவைக் கீழ போடவேணாம்னு சொல்லு உங்க அண்ணன்கிட்ட," என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "திங்கிற ஆளுதான் வந்துட்டானே."

"உனக்கு எப்பலேர்ந்துமா தெரியும்?" என்று கேட்டாள் பிரின்சி.

ஹாலில் பாட்டு தொடங்கியிருந்தது. அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தாள். பிரின்சி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.